வெள்ளைப்படுதல்: எது இயல்பு, எது நோய்?

புறநோயாளிகள் பிரிவில் ஒரு பெண் தம் உடல்நிலையைக் கூறத் தொடங்குகிறார். இடுப்புவலி, கால் எரிச்சல், தலைச்சுற்றல், களைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மருந்துச் சீட்டு எழுதி முடியும் தறுவாயில், உடன் வந்தவர் சற்று விலகியிருக்கும் நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அப்புறம்... வெள்ள படுதுங்க டாக்டரம்மா" என்கிறார். அவர் அன்று வந்ததே அதற்காகத்தான். கடலூரிலும் சிதம்பரத்திலும் மகளிர் நல மருத்துவராகப் பணியாற்றிய இத்தனை ஆண்டுகளில் இந்தக் காட்சியைக் காணாத வாரம் எனக்கு இல்லை.

இவ்வாறு வருபவர்களுள் பலருக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. ஆயினும் பல மாதங்களாக அஞ்சியிருப்பார்கள்; மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை விழுங்கியிருப்பார்கள். மறுபுறம், உண்மையிலேயே நோயுள்ள சிலர், "இது எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டு பிழைகளுக்கும் காரணம் ஒன்றே. இயல்பான கசிவு எப்படி இருக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. நான் பள்ளியில் படித்தபோது கருப்பையையும் சினைப்பையையும் படமாக வரைந்து பாகங்களைக் குறித்தேன். உள்ளாடையில் காணும் ஈரத்தைப் பற்றி ஓர் ஆசிரியரும் பேசியதாக நினைவில்லை.

எங்கிருந்து வருகிறது?

யோனியின் உட்சுவரில் சுரப்பிகள் இல்லை. அங்குள்ள ஈரத்தின் ஒரு பகுதி, சுவரிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் நீர். அதனுடன் உதிர்ந்த பழைய உயிரணுக்கள் கலக்கின்றன. நம் கைத்தோல் உதிர்வதைப் போலவே அச்சுவரின் மேலடுக்கும் நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. எஞ்சியது, மேலே கருப்பை வாயிலுள்ள சுரப்பிகள் சுரக்கும் சளி போன்ற நீர்மம். மாதம் முழுவதும் தன் இயல்பை மாற்றிக்கொண்டே இருப்பது இந்தக் கடைசிப் பகுதிதான்.

இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத காவலர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் விவரித்த நுண்ணுயிரிகள் அவை. இன்று லாக்டோபேசில்லஸ் என்கிறோம். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிகளுக்கு இவை நெருங்கிய உறவு. யோனிச் சுவரில் சேமிக்கப்பட்டுள்ள மாவுப்பொருளிலிருந்து இவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதனால் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணின் யோனியில் அமிலத்தன்மை நிலவுகிறது. அதன் அளவு பொதுவாக 3.8 முதல் 4.5 வரை. அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் தழைக்க இயலாது. இயல்பான கசிவில் இலேசான புளித்த வாடை இருப்பதும், கறுப்பு உள்ளாடையின் நிறம் சில இடங்களில் வெளுத்துப்போவதும் இந்த அமிலத்தால்தான். துணி வெளுத்ததைக் கண்டு அஞ்சி வந்த கல்லூரி மாணவியர் சிலரை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளில் வெளிவரும் அளவு ஏறத்தாழ 1 முதல் 4 மில்லி லிட்டர் வரை. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சிலருக்கு இதனினும் சற்று மிகுதியாக இருக்கலாம்.

நாட்காட்டியோடு பார்ப்போம்

வீட்டிலுள்ள நாட்காட்டியை எடுத்து, மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதவிலக்கு 30 நாள்களில் வரும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதல் ஐந்து நாள்கள் உதிரப்போக்கு. இறுதி நாளில் பழுப்பு நிறமாகச் சிறிது காணப்படலாம். அது வெளியேறத் தாமதித்த பழைய இரத்தமே. அடுத்த சில நாள்கள் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஒன்பது அல்லது பத்தாம் நாளளவில் சிறிதளவு வெண்மையான, பசை போன்ற கசிவு தோன்றும். சினைப்பையில் கருமுட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் பெருகுகிறது. அதற்கேற்பக் கசிவும் பாலேடு போலாகி, நாளுக்கு நாள் நீர்த்து, தெளிகிறது.

பதினான்கு, பதினைந்து, பதினாறாம் நாள்களில் அது பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போலவே இருக்கும். நிறமற்றது, வழுக்கும், இரு விரல்களுக்கிடையில் வைத்து விலக்கினால் அறுபடாமல் நூலாக நீளும். இந்நாள்களில் அதில் ஏறத்தாழ 98 விழுக்காடு நீரே. அளவும் மற்ற நாள்களைவிடப் பல மடங்கு கூடும். "திடீர்னு தண்ணியா போகுதுங்க" என்று பெண்கள் பதற்றத்துடன் கூறும் நாள்கள் பெரும்பாலும் இவையே. அந்நீர்மத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அதிலுள்ள உப்பு படிகமாகிப் பெரணி இலைகளைப் போல் கிளைகிளையாக விரிந்திருக்கும். பயிற்சிக் காலத்தில் அதனை முதன்முதலாகப் பார்த்தபோது, பார்த்ததை விளக்கச் சொன்ன பேராசிரியருக்கு விடை கூறாமல் மீண்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இம்மாற்றத்துக்குப் பயன் உண்டு. கருமுட்டை வெளிவரும் வேளையில் விந்தணுக்கள் நீந்திச் செல்ல வழி திறந்திருக்க வேண்டும். இந்த நீர்த்த சளிதான் அவ்வழி; விந்தணுக்களை ஐந்து நாள்கள் வரைகூட அது உயிருடன் காக்கும். கருமுட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்ட்டிரோன் என்னும் மற்றோர் இயக்குநீர் மேலோங்குகிறது. ஓரிரு நாள்களிலேயே கசிவு தடித்து, ஒட்டும் தன்மை பெற்று, அளவில் குறைந்துவிடும். கருப்பை வாய்க்கு அது ஒரு மூடியாக அமைகிறது. அடுத்த மாதவிலக்குக்கு முன்பு சற்றே கெட்டியான, வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறக் கசிவு தெரியலாம். உலர்ந்த துணியில் அது மஞ்சளாகத் தோன்றுவது காற்றுப்பட்டு மாறிய நிறம். அதனைக் கொண்டு நோய் என்று முடிவு செய்ய இயலாது.

மாதவிலக்குச் சுழற்சி எல்லோருக்கும் 30 நாள்களாக இருப்பதில்லை. கருமுட்டை வெளிவருவது, அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள்கள் முன்பு. ஆகவே 26 நாள் சுழற்சியுடையவருக்குத் தெளிந்த கசிவு 12ஆம் நாளையொட்டியும், 35 நாள் சுழற்சியுடையவருக்கு 21ஆம் நாளையொட்டியும் வரும். குழந்தைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு இந்நாள்களை அறிந்துகொள்வது உதவும். கருத்தடை முறையாக இதனை மட்டும் நம்புவதற்கு முறையான பயிற்சியும் கணவரின் முழு ஒத்துழைப்பும் வேண்டும். அவை இல்லாமல் நம்பி, எதிர்பாராமல் கருவுற்று வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. மாதம் முழுவதும் கசிவு ஏறக்குறைய ஒரே விதமாக இருக்கும்.

"படிக்காத நாங்கள் இதையெல்லாம் கவனிக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் இக்கசிவைக் கவனிக்கும் முறையை வகுத்தனர். அதனை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆய்வு செய்து 1981இல் முடிவுகளை வெளியிட்டது. ஆய்வு நடந்த இடங்களுள் நம் பெங்களூரும் ஒன்று. பங்கேற்ற 869 பெண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். கற்றுக்கொண்ட முதல் மாதத்திலேயே 93 விழுக்காட்டினர் தம் கசிவின் மாற்றத்தைச் சரியாக இனங்கண்டனர். எம் பிரிவுக்கு வரும் தேவனாம்பட்டினத்து மீன் விற்கும் அம்மாவுக்கும், பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் அக்காவுக்கும் இது எட்டாத பாடம் அன்று.

எலும்பு உருகுகிறதா?

நம் பகுதியில் வேரூன்றிய நம்பிக்கை இது. வெள்ளைப்படுதலால் எலும்பு உருகி வெளியேறுகிறது, சத்து போய்விடுகிறது, உடல் இளைத்துவிடும் என்கிறார்கள். மூத்தவர்கள் அக்கறையோடு சொல்வதுதான். ஆயினும் அது உண்மையன்று. கசிவில் இருப்பவை நீர், சிறிது உப்பு, சளிப்பொருள், உதிர்ந்த உயிரணுக்கள் ஆகியவையே. நடவு வயலில் அரைநாள் நிற்கும் பெண் வியர்வையாக இழக்கும் நீர் இதனைப் போல் நூறு மடங்குக்கும் மிகுதி. "உடம்புச் சூடு" என்பதும் அவ்வாறே. கத்திரி வெயிலில் இளநீரும் மோரும் அருந்துவது நல்லது, தாராளமாக அருந்துங்கள். கசிவு அதனால் நிற்காது, நிற்கவும் வேண்டியதில்லை.

அப்படியெனில் அந்தப் பெண் கூறும் களைப்பும் இடுப்புவலியும் பொய்யா? இல்லை. அவற்றுக்கு வேறு காரணம் இருக்கிறது. அதனைத்தான் தேட வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. களைப்பென்று வருபவருக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்வது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்வதற்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. கோவாவில் மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 18 முதல் 50 வயது வரையிலான 2,494 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். வெள்ளைப்படுகிறது என்ற முறையீட்டோடு வலுவாக இணைந்திருந்தவை மனச்சோர்வும் மனப்பதற்றமும் வாழ்க்கைச் சுமைகளுமே. தொற்றுகளின் பங்கு அதனினும் குறைவு. இதனைப் படித்த பிறகு எனது கேள்விகள் மாறின. "வெள்ளைப்படுது, உடம்பு தேயுது" என்று மூன்றாம் முறை வரும் பெண்ணிடம், "ராத்திரி தூக்கம் வருதாம்மா? வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். சில நேரங்களில் விடைக்குப் பதிலாக அழுகை வருகிறது. உடன் வரும் கணவர்களும் மாமியார்களும் இதனைத் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டும். அப்பெண் நடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

சிறுமியர், கர்ப்பிணிகள், மூத்தோர்

புவனகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தம் 12 வயது மகளை அழைத்து வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). சிறுமி இன்னும் பூப்பெய்தவில்லை. ஆனால் நான்கு மாதமாக வெள்ளைப்படுகிறது. எலும்புருக்கி நோய் என்று யாரோ கூறிவிட்டார்கள். முட்டையும் மீனும் நிறுத்தப்பட்டன. மிதிவண்டி ஓட்டக்கூடாது, கபடி ஆடக்கூடாது என்று கட்டுப்பாடு. மகள் இளைத்துத்தான் போயிருந்தாள். நோயால் அன்று, பட்டினியால். பரிசோதித்தபோது அரிப்போ துர்நாற்றமோ புண்ணோ இல்லை. முதல் மாதவிலக்குக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே சினைப்பைகள் விழித்துக்கொள்கின்றன, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, கசிவு தொடங்குகிறது. "இன்னும் கொஞ்ச நாள்ல பெரியவளாகிடுவா, அதோட அறிகுறிதான் இது" என்றேன். மருந்தென்று எழுதியது முட்டையும் மீனும் மிதிவண்டியும். ஏழு மாதம் கழித்து அத்தாய் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழோடு வந்தார். சிறுமிக்குக் கபடிக் காயம் ஒன்று முழங்காலில் இருந்தது.

பிறந்த பெண் குழந்தைக்கும் முதல் சில நாள்களில் வெண்கசிவும் சில வேளைகளில் ஓரிரு துளி இரத்தமும் காணப்படலாம். தாயின் இயக்குநீர் குழந்தையின் உடலிலிருந்து விலகுவதால் நிகழ்வது அது, தானே நின்றுவிடும். இதற்கும் பூப்புக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கசிவு இருந்தால் அது இயல்பன்று. குடற்புழு, உள்ளே சிக்கிய ஏதேனும் பொருள், தொற்று எனக் காரணங்கள் பல. தகாத முறையில் எவரேனும் தொட்டிருக்கவும் கூடும். குழந்தையைத் திட்டாமல் அழைத்து வாருங்கள்.

கர்ப்ப காலத்தில் வெண்கசிவு கூடுவது இயல்பு. ஆனால் நீராக ஒழுகி உடை நனைந்தால் பனிக்குடம் உடைந்திருக்கலாம். இரவானாலும் உடனே வர வேண்டும். தாய்ப்பாலூட்டும் மாதங்களிலும், மாதவிலக்கு நின்ற பிறகும் வறட்சியே இயல்பு.

எவ்வகைக் கசிவுக்கு மருத்துவரைக் காண வேண்டும்?

தயிர்த் திப்பி போல் கெட்டியான வெள்ளையோடு கடும் அரிப்பு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை உட்கொண்டவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் இது எளிதில் வரும். அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்தே ஆக வேண்டும்; சர்க்கரை நோயே இவ்வழியாக முதன்முதல் வெளிப்பட்டவர்கள் உண்டு. சாம்பல் வெண்மையாக நீர்த்து, குறிப்பாக உடலுறவுக்குப் பின் மீன் வாடை வீசினால், முன்னர் கூறிய காவல் நுண்ணுயிரிகள் குறைந்து வேறு கிருமிகள் பெருகியுள்ளன என்று பொருள். பச்சை கலந்த மஞ்சளாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் கிருமியை ஐயுறுவோம். இதற்குக் கணவருக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். மனைவி மட்டும் உட்கொண்டால் தொற்று திரும்பிவிடும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நாள் கடத்தக்கூடாது. கருக்குழாய்கள் பாதிக்கப்பட்டால் பின்னாளில் கருத்தரிப்பதே கடினமாகலாம்.

அரசு மருத்துவமனைகளில் இத்தொற்றுகளுக்கான மாத்திரைகள் நிற வாரியான உறைகளில் தரப்படுகின்றன. யோனி அழற்சிக்குப் பச்சை உறை. ஒருவருக்குக் கொடுத்ததைப் பக்கத்து வீட்டவர் கேட்டு வாங்கி உட்கொள்வதை அறிவேன். நோயே இல்லாதவருக்கு அது வீண்; வேறு தொற்றுள்ளவருக்குப் பயனில்லை; கர்ப்பிணிக்குச் சில மாத்திரைகள் ஆகா.

இனி, மற்ற எல்லாவற்றையும்விட நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியது இரத்தம் கலந்த கசிவு. உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், இரு மாதவிலக்குகளுக்கிடையே திரும்பத் திரும்பக் கறைபடுதல், மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளியேனும் தோன்றுதல், துர்நாற்றத்தோடு இறைச்சி கழுவிய நீர் போல் வருதல் ஆகியவை கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 44 வயதுப் பெண் ஒருவர் இத்தகைய கசிவை எட்டு மாதம் பொறுத்திருந்தார். "நிக்கப் போற வயசு, வெள்ளைதான்" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்களாம். அவர் வந்தபோது அறுவைச் சிகிச்சைக்கான கட்டம் கடந்திருந்தது, கதிர்வீச்சுக்கு அனுப்பினோம். சிகிச்சை முடிந்து இப்போது தொடர் பரிசோதனைக்கு வந்துகொண்டிருக்கிறார். எட்டு மாதம் முன்பு வந்திருந்தால் என்று நான் எண்ணுவதை அவரிடம் கூறியதில்லை.

இப்புற்றுநோய் வருமுன்பே அதன் முன்னிலை மாற்றங்களைக் கண்டறிய இயலும். தமிழ்நாடு அரசு 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இச்சோதனையைத் தொடங்கிப் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெளுக்கும் இடங்களைக் கண்ணால் பார்க்கும் எளிய முறை அது. 30 வயது கடந்தவர்கள் கசிவு எதுவும் இல்லாவிட்டாலும் செய்துகொள்ளலாம்.

தூய்மை பற்றிச் சில சொற்கள்

வெளிப்புறத்தைச் சாதாரண நீரால் கழுவினால் போதும். உள்ளே நீர் பீய்ச்சுவது, கிருமிநாசினி ஊற்றுவது, மணமூட்டிய திரவங்களைப் பயன்படுத்துவது ஆகியவற்றால் காவல் நுண்ணுயிரிகள் அழிகின்றன. அதிகத் தூய்மையை நாடித் தொற்றைத் தேடிக்கொண்டவர்கள் எம் பிரிவுக்கு வருகிறார்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள். நடவு முடிந்து வந்ததும் ஈரத்துணியை மாற்றிவிடுங்கள். உள்ளாடையையும் மாதவிலக்குத் துணியையும் மற்ற துணிக்கு அடியில் ஒளித்து உலர்த்தாமல் வெயிலில் உலர்த்துங்கள். யார் பார்த்தால் என்ன?

பரிசோதனைக்கு வரும்போது

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் இணையர் இரு சிற்றூர்களின் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு ஏதேனும் மகளிர் நோய் இருந்தது. ஆனால் அதற்கு முன் ஒருமுறையேனும் இத்தகைய பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே. நம் ஊர்களில் நிலைமை மாறியிருக்கிறது. கூச்சம் மட்டும் அதே வேகத்தில் மாறவில்லை.

பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். திரைக்குப் பின்னால், பெண் செவிலியர் உடனிருக்க நடைபெறும். சிறு கருவியால் கருப்பை வாயைப் பார்ப்போம். தேவையெனில் பஞ்சுக்குச்சியில் சிறிது கசிவை எடுப்போம். அழுத்தம் தெரியும், வலி பெரிதாக இராது. வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுவோம். திருமணமாகாத பெண்களுக்கு வெளிப்புறப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரும்பாலும் போதும்.

மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்து வாருங்கள். முந்தைய நாள் உள்ளே கழுவ வேண்டாம், மருந்து வைக்க வேண்டாம், உடலுறவையும் தவிர்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து முதல் பேருந்தில் வருபவர்கள் தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இதற்கு முன் உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும், மாதவிலக்குத் தேதிகளைக் குறித்த நாட்காட்டித் தாளையும் கொண்டு வாருங்கள். மற்றவர்கள் முன்னிலையில் பேசத் தயங்குபவர்கள், "டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று சீட்டுக் கொடுக்கும் செவிலியரிடம் கூறினால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள்.